எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்: பேட்டரியை எப்படிக் காப்பது?

2024 மார்ச் 10, காலை (கேள்வி)

அண்ணா, எனக்கு வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப் நாள் முழுக்க சார்ஜரில்தான் கிடக்கிறது. பேட்டரி எப்போதும் ஃபுல்லாக இருக்க வேண்டும் என்கிறார் அப்பா. முழுசாக வடியவிட்டுத்தான் மறுபடி சார்ஜ் போட வேண்டும் என்கிறார் லேப்டாப் விற்ற கடைக்காரர். இந்தக் காலத்து லேப்டாப்பில் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், கவலைப்படாதே என்கிறான் நண்பன். வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. யார் பேச்சைக் கேட்பது?

2024 மார்ச் 10, மதியம்

தம்பி, அப்பாவும் கடைக்காரரும் சொல்வது வேறு வேறு பேட்டரிக்குச் சரி. அப்பா மனதில் இருப்பது இன்வெர்ட்டர் பேட்டரி. அது ஈய-அமில இனம். சார்ஜ் குறைந்து கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், அதனால் அதை நிறைத்தே வைக்க வேண்டும். கடைக்காரர் சொல்வது நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கம். பாதியிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டால் அதன் கொள்ளளவு குறைந்துபோகும் என்று எல்லோரும் பயந்த காலம் அது.

உன் லேப்டாப்பில் இருப்பது லித்தியம்-அயான். சோனி 1991ல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது நிறைந்தே கிடந்தாலும் கெடும், காலியாகக் கிடந்தாலும் கெடும். நடுவில் வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும். நண்பன் சொல்வது பாதிதான் சரி: அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமல் லேப்டாப் பார்த்துக்கொள்ளும். ஆனால் நாம் ஒரு செட்டிங்கை மாற்றாதவரை, பெரும்பாலான லேப்டாப்புகள் 100லேயே நிறுத்தி வைத்திருக்கும்.

அந்த செட்டிங்கில் 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்துவிடு. அப்புறம் சார்ஜரிலேயே விடலாம்.

2024 மார்ச் 10, இரவு

மதியம் அவசரத்தில் எழுதியது. இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

2021 செப்டம்பரில் நானும் தங்கையும் ஒரே மாடல் லேப்டாப்பை ஒரே நாளில் வாங்கினோம். எனக்கு மதுரையில் பக்க வடிவமைப்பு வேலை, அவளுக்கு திண்டுக்கல்லில் கணக்கு எழுதும் வேலை. இருவருக்குமே லேப்டாப் நாள் முழுக்க மேசையில், சார்ஜரில். நான் முதல் மாதமே 60ல் நிறுத்திவிட்டேன். அவள் எதையும் தொடவில்லை.

இன்று இரண்டிலும் பேட்டரி அறிக்கை எடுத்துப் பார்த்தேன். புதிதில் இரண்டுக்கும் கொள்ளளவு 42,000 மில்லிவாட்-மணி. இப்போது என்னுடையது 38,600. அவளுடையது 29,800. இரண்டரை வருடத்தில் அவளுக்கு கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விட்டது. சார்ஜ் சைக்கிள் கணக்கு (பேட்டரி முழுசாக ஒரு தடவை இறங்கி ஏறினால் ஒரு சைக்கிள்) எனக்கு 140, அவளுக்கு வெறும் 61. குறைவாக உழைத்த பேட்டரிதான் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. சார்ஜரிலேயே இருந்ததால் அது ஓயாமல் ஏறியும் இறங்கியும் களைத்துப் போயிருக்கிறது.

2024 மார்ச் 11

நேற்று கடைசி வரியைத் தவறாக எழுதிவிட்டேன். அது ஓயாமல் ஏறி இறங்கியிருந்தால் சைக்கிள் கணக்கு 61ல் நின்றிருக்காதே.

நடப்பது இதுதான். சார்ஜ் 100 ஆனதும் பேட்டரிக்குப் போகும் கரண்ட் நின்றுவிடும். லேப்டாப் அடாப்டரிலிருந்தே நேராக ஓடும். பேட்டரி சும்மா கிடக்கும். தானாகவே கொஞ்சம் கசிந்து 95 பக்கம் வந்தால்தான் மறுபடி தொட்டுக்கொள்ளும். விதிவிலக்கு உண்டு: அடாப்டரின் சக்திக்கு மேல் வேலை வாங்கும் சில கேமிங் லேப்டாப்புகளில், சொருகியிருக்கும்போதே பேட்டரியிலிருந்தும் எடுக்கும்.

ஆக, சும்மா கிடந்ததே அதைத் தேய்த்திருக்கிறது. பேட்டரிக்குள் சில செல்கள் இருக்கும். நிறைந்த நிலையில் ஒரு செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட், சில வகைகளில் அதற்கும் மேல். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் திரவம் நேர்மின்முனையில் மெல்லச் சிதைகிறது. எதிர்மின்முனையின் கிராஃபைட் மேல் படியும் படலம் தடித்துக்கொண்டே போகிறது. படலத்தில் மாட்டிக்கொண்ட லித்தியம் திரும்பி வராது. அதுதான் குறைந்துபோன கொள்ளளவு.

நேர்மின்முனை லித்தியம் கோபால்ட் ஆக்சைடால் ஆன வகையை எடுத்துக்கொண்டால் இன்னும் எளிதாக விளங்கும். 4.2 வோல்ட்டில் நிறுத்தும்போது நேர்மின்முனையிலிருந்த லித்தியத்தில் ஏறக்குறைய பாதி வெளியே போயிருக்கும். பாதித் தூணை உருவிய மண்டபம் போல அந்த நேரத்தில் அதன் அமைப்பு நிற்கிறது. அப்படியே மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிறோம். இந்தப் பொருளை 1980ல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டவர் ஜான் குட்இனஃப். 2019ல் லித்தியம்-அயான் பேட்டரிக்காக விட்டிங்ஹாம், யோஷினோ இருவரோடும் அவருக்கு நோபல் கிடைத்தபோது வயது 97.

2024 மார்ச் 13

எங்கே இந்த செட்டிங் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். லெனோவோ ஐடியாபேட் என்றால் வான்டேஜ் செயலியில் "கன்சர்வேஷன் மோட்". பழைய மாடல்களில் 60ல் நிற்கும், புதியவற்றில் 80 பக்கம். திங்க்பேட்டில் எந்த சதவீதத்தில் தொடங்கி எதில் நிறுத்துவது என்று இரண்டு எண்ணையும் நாமே கொடுக்கலாம். ஆசஸ் என்றால் மைஆசஸ் செயலியில் பேட்டரி பகுதியைப் பார்க்கவும். டெல்லில் பயாஸுக்குள் (லேப்டாப் தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) போனால் "ப்ரைமரிலி ஏசி யூஸ்" என்றே ஒன்று இருக்கும், அது நமக்காகவே வைத்தது. எச்பியின் அலுவலக மாடல்கள் பலவற்றில் பயாஸில் "பேட்டரி ஹெல்த் மேனேஜர்". ஆப்பிள் 2020ல் மேக்ஓஎஸ் 10.15.5லிருந்து தானாகவே கொஞ்சம் பார்த்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. லினக்ஸ் ஆட்களுக்கு டிஎல்பி (TLP) என்ற மின்சேமிப்பு நிரலைச் சொன்னால் போதும்.

2024 மார்ச் 13, சற்று நேரம் கழித்து

செட்டிங்கே இல்லாத மாடலும் உண்டு. அதற்கு எளிய வழி, 80 வந்ததும் சுவரில் சுவிட்சை அணைத்து, 40 வந்ததும் போடுவது. நாள் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது என்பது தெரியும். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டாலும் 100ல் கிடக்கும் நேரம் நன்றாகவே குறையும்.

2024 மார்ச் 24

அறிக்கை எடுக்கும் முறை. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து பவர்-சி-எஃப்-ஜி என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக எழுதி என்டர் தட்டவும். கோப்பை எங்கே வைத்தது என்று அதுவே சொல்லும். ப்ரௌசரில் திறந்தால் நமக்கு வேண்டியது மூன்று வரிதான்: டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, சைக்கிள் கவுண்ட். இரண்டாவதை முதலாவதால் வகுத்துக்கொள். பாதி இறக்கி ஏற்றுவதை இரண்டு தடவை செய்தால் அது ஒரு சைக்கிள்.

மாதம் ஒரு தடவை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். தினமும் பார்த்தால் எண் மேலும் கீழும் ஆடும், வீணாகக் கலங்குவோம்.

2024 ஏப்ரல் 7

60ஆ 80ஆ என்று தம்பி மறுபடி கேட்டிருக்கிறார். அது உங்கள் ஊரில் கரண்ட் எவ்வளவு நேரம் போகிறது என்பதைப் பொறுத்தது.

என் வாடகை வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. பக்க வடிவமைப்பு வேலைக்கு என் லேப்டாப் சராசரியாக 9 வாட் எடுக்கிறது, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 9,000 மில்லிவாட்-மணி. 38,600ல் 60 சதவீதம் என்றால் 23,000 சொச்சம், அதாவது இரண்டரை மணி நேரம். 80 என்றால் மூன்று மணி 25 நிமிடம். திடீரென்று போகும் கரண்ட் இங்கே பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அதற்கு 60 தாராளம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் பிற்பகல் 2 மணி வரை வராது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் வரம்பை எடுத்துவிடுகிறேன். வருடத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் 100 தொடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. தொட்டு உடனே இறங்கிவிடுகிறதே.

பையில் போட்டுக்கொண்டு அலைபவர் 80 வைக்கவும். மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு 60.

2024 மே 9

கத்திரி தொடங்கிவிட்டது. நேற்று மாலை எழுந்து லேப்டாப்பின் அடியில் கை வைத்தேன், தோசைக்கல் இறக்கிவைத்த மேடை போல இருந்தது. இதுவரை சதவீதத்தைப் பற்றியே எழுதிவிட்டேன். நம் ஊரில் அதற்குச் சமமான எதிரி சூடு. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் பல வருடமாக இருக்கும் ஓர் அட்டவணையைப் பாருங்கள். ஒரு வருடம் சும்மா வைத்த லித்தியம்-அயான் பேட்டரியில் மிஞ்சும் கொள்ளளவு அது. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் வைத்தால் 96 மிஞ்சும். முழு சார்ஜில் வைத்தால் 80. அதையே 40 டிகிரியில் வைத்தால் 85க்கும் 65க்கும் இறங்கிவிடும். சூடும் நிறைவும் சேரும்போதுதான் பாடு. மதுரையில் மேற்குப் பார்த்த அறையில் மே மாதம் 40 டிகிரி ஒன்றும் அதிசயமில்லை. லேப்டாப்பின் உள்ளே அதற்கு மேலேயே இருக்கும்.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி அலமாரியில் கிடந்தது. மேற்பரப்பை அளக்கும் முறைக்கு மாற்றி, கை வைக்கும் இடத்துக்கு நேர் கீழே, பேட்டரி இருக்கும் பக்கம் அளந்தேன். காலை 7 மணிக்கு 33. மதியம் வீடியோ அழைப்பு முடிந்ததும் 39. மெத்தையில் வைத்துப் பார்த்தேன், இருபது நிமிடத்தில் 44. பின்பக்கம் இரண்டு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து விசிறிக் காற்று அடியில் போகும்படி வைத்ததும் 36க்கு வந்தது. இரண்டு மரக்கட்டைக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இதனால் தங்கையின் கணக்கையும் திருத்திப் படிக்க வேண்டியிருக்கிறது. அவள் அறைக்கு மாலை வெயில் நேராக வரும். இரவில் லேப்டாப் மெத்தைக்குப் போகும். அவள் இழந்த முப்பதில் 100 சதவீதத்தின் பங்கு எவ்வளவு, சூட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மார்ச்சில் எல்லாவற்றையும் ஒன்றின் தலையில் கட்டியிருந்தேன்.

2024 மே 11

வெப்பமானி பற்றி ஒரு எச்சரிக்கை. பளபளப்பான உலோக உடம்பில் அது குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு காகித டேப் ஒட்டி, ஐந்து நிமிடம் கழித்து அதன் மேல் அளக்கவும். என்னுடையது பிளாஸ்டிக் அடிப்பாகம், அதனால் மேலே சொன்ன எண்கள் சரிதான். அலுமினிய லேப்டாப் வைத்திருக்கும் நண்பர் டேப் இல்லாமல் அளந்துவிட்டு "எனக்கு 31தான்" என்று நிம்மதியாக இருந்தார். டேப்போடு 40.

2024 ஜூன் 16

ஏப்ரலில் போட்ட கணக்கு காலை வாரிவிட்டது. வியாழக்கிழமை மதியம் கரண்ட் போனது. 60ல் இருந்தது, இரண்டரை மணி நேரம் தாங்கும் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி 50 நிமிடத்தில் 17 சதவீதத்திலிருந்து ஒரே தாவாக 4க்கு இறங்கி அணைந்துவிட்டது. இரண்டு பக்க வேலை போயிற்று.

பேட்டரிக்குள் கணக்கு வைக்கும் சிப் ஒன்று இருக்கிறது. உள்ளே போகும் கரண்ட்டையும் வெளியே வரும் கரண்ட்டையும் கூட்டிக் கழித்து அது சதவீதத்தைச் சொல்கிறது. மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் அவ்வப்போது தொட்டுப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். மாதக்கணக்கில் 60லேயே நின்றால் பிழை சேர்ந்துகொண்டே போகும். பேட்டரி நன்றாகவே இருக்கும், காட்டும் எண் மட்டும் விலகியிருக்கும்.

நேற்று வரம்பை எடுத்துவிட்டு, 100 வரை ஏற்றி, 7 வரை இறக்கி, மறுபடி 100 ஏற்றினேன். இப்போது அறிக்கை 37,400 என்கிறது. குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம், முன்பு காட்டிய 38,600தான் கூடுதல். தங்கையையும் செய்யச் சொன்னேன். அவளுடையது 27,900க்கு வந்தது. மார்ச்சில் நான் எழுதிய இரண்டு எண்ணும் அப்படியே மாறிப்போயின. இடைவெளி மட்டும் குறையவில்லை. சொல்லப்போனால், கொஞ்சம் கூடியிருக்கிறது.

மாதம் ஒரு தடவை இதைச் செய்யலாம் என்று முதலில் எழுதி அழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு முழு சைக்கிள் செலவு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். அந்தப் பராமரிப்பு மின்தடை நாளிலேயே வைத்துக்கொண்டால் தனியாக மெனக்கெட வேண்டாம்.

2024 செப்டம்பர் 22

தங்கை போன் செய்தாள். டச்பேடில் இடது பக்கம் அழுத்தினால் உள்ளே போகவே இல்லையாம். மேசையில் வைத்தால் லேப்டாப் ஒரு பக்கம் ஆடுகிறதாம். சார்ஜரைக் கழற்று, உடனே அணைத்துவிடு, பையில் போட்டு பஸ்ஸில் எடுத்து வராதே, நான் வருகிறேன் என்றேன்.

திண்டுக்கல்லில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் திறக்கவே இல்லை. ஓர் இரும்பு அளவுகோலை எடுத்து லேப்டாப்பின் அடியில் குறுக்காக வைத்துத் தூக்கிப் பிடித்தார். நடுவில் அளவுகோல் ஒட்டியிருந்தது, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. "உப்பிடுச்சு சார்" என்றார். திருகுகளைக் கழற்றியதும் மூடி தானாகவே எழும்பியது. உள்ளே மூன்று செல்லில் நடுவில் இருந்தது வறுத்த அப்பளம் போல மேடாகி நின்றது. உலோகம் எதையும் உள்ளே விடாமல், பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் செருகி ஒட்டுப்பசையிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்தார். நேராகக் கடைவாசலில் இருந்த உலர்ந்த மணல் வாளிக்குக் கொண்டுபோனார். அவர் கை அந்த அரை மணி நேரமும் அவசரப்படவே இல்லை. அதைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு ஆறுதல்.

உள்ளே சிதையும் திரவம் வாயுவாகிச் சேர்வதால் வரும் வீக்கம் இது. அமுக்கக் கூடாது. குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டே நகர்ந்துவிடுங்கள், தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. சர்வீஸ் சென்டரில் கேட்டு ஒப்படைக்கவும்.

2024 செப்டம்பர் 25

இரண்டு கேள்வி வந்திருக்கிறது.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டலாமா? வெளியே கழற்றும் பழைய மாடலில் முடியும். ஆனால் ப்ளக் கொஞ்சம் ஆடினாலே லேப்டாப் செத்துவிடும். சில மாடல்கள் பேட்டரி இல்லாவிட்டால் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். கரண்ட் வந்து வந்து போகும் ஊரில் நான் செய்ய மாட்டேன். இன்றைய மாடல்களில் பேட்டரி உள்ளே திருகியிருப்பதால் அந்தக் கேள்வியே எழாது.

இப்போதே ஒரு பேட்டரி வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளலாமா? வேண்டாம். சும்மா இருந்தாலும் அதற்கு வயது ஏறும். தேவைப்படும் அன்று வாங்குங்கள். வாங்கிய அன்றே அறிக்கை எடுத்துப் பாருங்கள். தங்கைக்குப் போட்ட புதுசில் கொள்ளளவு 41,100 காட்டியது, சைக்கிள் 1. விலை பாதி என்பதற்காக இரண்டாவது கடையில் கேட்ட பேட்டரி கையில் எடுத்தபோதே பழையதைவிட லேசாக இருந்தது, அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

2024 அக்டோபர் 2

தங்கை லேப்டாப்பில் 60 வைத்தாயிற்று. மேசையையும் ஜன்னலிலிருந்து உள்பக்கச் சுவருக்கு மாற்றினோம். மெத்தையில் வைக்க ஒரு பலகை தச்சுக் கொடுத்தேன், முறம் அளவு.

2025 மார்ச் 10

கேள்வி கேட்ட தம்பி ஒரு வருடம் கழித்து எண்ணோடு வந்திருக்கிறார். 80ல் வைத்திருந்தாராம், 96 சதவீதம் மிஞ்சியிருக்கிறதாம். மகிழ்ச்சி. எண் நேராக்கிய பிறகு எடுத்ததா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

என்னுடையது இன்று 36,500, சைக்கிள் 171. தங்கையின் புதுசு 40,600. இனி இரண்டும் ஒரே வரம்பில், ஒரே மாதிரி நிழலில் ஓடுகின்றன. வயது மட்டும்தான் வேறு.

வியாழக்கிழமை எங்கள் பக்கம் பராமரிப்பு மின்தடை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. முந்தைய இரவே ஏற்றிவைத்து விடியும்வரை நிறைந்த நிலையில் கிடக்கவிடத் தேவையில்லை. காலை 7 மணிக்கு வரம்பை எடுத்தால் 9க்குள் 100 ஆகிவிடும். அன்று 7 வரை இறக்கி, கரண்ட் வந்ததும் எண்ணை நேராக்கிவிட்டு, மறுபடி 60.